ஐநூறாவது வரி

அந்த அலுவலகத்தில் யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. மாடிப்படி திரும்பும் இடத்தில், லிஃப்டுக்குள், கைகழுவும் கண்ணாடிக்கு மேலே என்று எங்கே பார்த்தாலும் அதை எழுதி ஒட்டியிருந்தார்கள். போதாக்குறைக்கு அதை நடைமுறைப்படுத்த ஒரு குழுவும் இருந்தது. குறை சொல்லாக் குழு என்று பெயர். அதற்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், சொன்னதற்கெல்லாம் தலையாட்ட ஐந்து உறுப்பினர்கள், வட்ட மேசை போட்ட ஓர் அறை. யாராவது தவறு செய்தால் குழு அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்து, குறை சொல்லாது. புரிந்துகொள்ளும். "உங்களைக் குழு புரிந்துகொள்ள விரும்புகிறது" என்று கடிதம் வந்தால், வாங்கியவர் அதைப் படித்து முடிக்கும் முன்பே மேசை இழுப்பறையைக் காலி செய்ய ஆரம்பித்துவிடுவார்.

அலுவலகத்தின் தொழில் பிரவுசர் செய்வது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வெளிவரும். எழுபதாம் பதிப்பு வரைக்கும் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. எழுபத்தொன்று வெளிவந்த மறுநாளிலிருந்து புகார்கள் கொட்ட ஆரம்பித்தன. நீளமான படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டே போய், மூன்றாம் பக்கத்தில் ஏதோ சந்தேகம் வந்து முந்தைய பக்கத்துக்குத் திரும்பினால், அதுவரை எழுதியது அத்தனையும் மாயமாகிவிடும். பெயர், பிறந்த தேதி, பட்ட நோய், படித்த படிப்பு, ஒன்றும் மிஞ்சாது.

நம் ஆளுக்கு அலுவலகத்தில் ஐநூறு என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதையை இதோ சொல்லிவிடுகிறேன். வினையெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால், அவன் வீட்டிலும் இதே கூத்துதான். மகளைப் பள்ளியில் சேர்க்கும் நாலு பக்க விண்ணப்பத்தை மனைவி மூன்றாவது தடவையாக நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலையோ இது! ஆள் மட்டும் கையில கெடச்சான்னா, உக்கார வெச்சு ஆயிரம் ஃபார்ம் நிரப்ப வைப்பேன்."

"ஆயிரம் பத்தாது," என்றான் ஐநூறு. மனசாரத்தான் சொன்னான். அப்போது அவனுக்கு ஒன்றும் தெரியாது.

இந்த மாதிரிப் பிழை எப்போது உள்ளே நுழைந்தது என்று கண்டுபிடிக்க அலுவலகத்தில் ஒரு கருவி இருந்தது. பாதியாக்கி என்று அழைப்பார்கள். நீளமான தண்ணீர்க் குழாயில் எங்கோ அடைப்பு என்றால் அடி அடியாகவா தோண்டுவோம்? நடுவில் திறந்து பார்ப்போம். தண்ணீர் வந்தால் அடைப்பு அதற்கு அப்பால், வராவிட்டால் இப்பால். மிச்சமுள்ள பாதியில் மறுபடியும் நடுவில். பாதியாக்கி செய்வது அவ்வளவுதான். எழுபதுக்கும் எழுபத்தொன்றுக்கும் இடையில் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு மாற்றங்கள் நடந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண்ணும் செய்தவர் பெயரும் உண்டு. நடுவில் இருக்கும் மாற்றம் வரைக்கும் சேர்த்து ஒரு பிரவுசரைத் தானே கட்டி, தானே படிவம் நிரப்பி, தானே பின்பக்கம் போய்ப் பார்த்து, நல்லது, கெட்டது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு அடுத்த பாதிக்கு நகரும். பதினொரு கேள்வி. முப்பத்தெட்டு நிமிடத்தில் ஆள் சிக்கிவிடுவார்.

இந்த முப்பத்தெட்டு நிமிடம் குழுவுக்குப் பிடிக்கவில்லை. முதல் கூட்டத்தில் தலைவர் எழுந்து நின்று கண்ணாடியைத் துடைத்தார். நீளமாகப் பேசப் போகிறார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

"ஒரு மெஷின், மனுஷன் செஞ்ச வேலையைப் பாத்து 'கெட்டது'ன்னு சொல்லுது. எவ்வளவு புண்படும்? இந்தக் குழு ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒருத்தரைக்கூட நாங்க குறை சொன்னதில்லை. புரிஞ்சுக்கிட்டது மட்டும் நாப்பத்தாறு பேரை. அதுல நாப்பத்து மூணு பேர் இப்ப இங்க இல்லை. அவ்வளவு ஆழமா புரிஞ்சுக்கிட்டோம்."

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். பிறகு சீர்திருத்தங்கள் நிறைவேறின. 'நல்லது' என்பது இனி 'மகிழ்ச்சி'. 'கெட்டது' என்பது 'கற்றல் வாய்ப்பு'. தீர்ப்பைக் கருவி சொல்லக் கூடாது. கருவி கட்டிக் கொடுக்கும் பிரவுசரை ஒரு மனிதச் சாட்சி தன் கையால் சோதித்து, இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்துவார். அவசரப்படுத்துவதும் ஒருவகைக் குறை சொல்லல் என்பதால் நாளைக்கு ஒரு கேள்விதான். சாட்சி சோதிப்பதை மற்றவர்கள் பார்த்தால் அவரைச் சந்தேகப்படுவதாகிவிடும் என்பதால், திரையின் முதுகைப் பார்த்தபடி அனைவரும் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். அன்றன்றைய முடிவைச் செயலாளர் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும்.

"சாட்சி யாரு?" என்று கேட்டார் செயலாளர். அந்த அம்மாள் கேள்வி கேட்பதும் குறிப்பெழுதத்தான்.

"நேர்மையான ஆள் வேணும். நம்ம ஐநூறைப் போடுங்க. கோப்பை வாங்கினவர்," என்றார் தலைவர்.

கோப்பை என்றால் தேநீர் குடிக்கிற வெள்ளைப் பீங்கான் கோப்பை. மேலே தங்க எழுத்தில் 500. இரண்டு மாதத்துக்கு முன்னால் அலுவலகத்தில் குறைப்பு வாரம் கொண்டாடினார்கள். அதையும் தொடங்கிவைத்தவர் இதே தலைவர்தான். பிரவுசரை இயக்கும் நிரலில் தேவையில்லாத வரிகளைத் தேடி அழிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஐநூறு வரி அழித்தவருக்குக் கோப்பை. எண்ணுவது ஒரு கணினி; வரிகளுக்கு மேலே எழுதி வைக்கும் குறிப்புகளை அது கணக்கில் சேர்க்காது. ஒரு வருடத்துக்குள் எண்ணிக்கை ஐநூறுக்குக் கீழே இறங்கினால் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் ஒரு நிபந்தனையும் உண்டு.

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு நம் ஆள் நானூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றான். பக்கத்து மேசையில் அச்சு அக்கா. பிரவுசரில் அச்சடிக்கும் பகுதியைப் பார்த்துக்கொள்பவள், ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் இருப்பவள். அவன் மகளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களிலெல்லாம் இவன் வேலையையும் சேர்த்துப் பார்த்தவள் அவள்தான். அன்றைக்கும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "என் பக்கம் வேண்டாத வரி ஒண்ணு கெடக்கும். அஞ்சு நிமிஷம் இரு, தேடித் தரேன்," என்றாள். அடுத்தவர் வரியை வாங்கிக் கோப்பை எடுப்பதா என்று இவனுக்கு ரோஷம். கண்ணில் பட்ட முதல் வரியைப் பிடித்தான். அதற்கு மேலே யாரோ ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள்: 'தொடாதே. காரணம் பெரிய கதை.' வரியை அழித்தான். வரி போன பிறகு குறிப்பு மட்டும் அநாதையாக நிற்பது அசிங்கமாக இருந்தது, அதையும் அழித்தான். ஐநூறு. கைதட்டினார்கள், பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது.

இப்போது சாட்சி நாற்காலியில் அவனை உட்கார வைத்தார்கள். முதல் நாள், ஆயிரத்து இருபத்து நாலாவது மாற்றம். ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள், மாற்றத்துக்கு மரியாதை. பிறகு ஐநூறு ஒரு படிவத்தில் தன் பெயரை அடித்து, அடுத்த பக்கம் போய், திரும்பி வந்தான். பெயர் அப்படியே இருந்தது. மகிழ்ச்சியை அழுத்தினான். செயலாளர் குறிப்பெழுதினார். தேநீர் வந்தது. இரண்டாம் நாள் கற்றல் வாய்ப்பு. மூன்றாம் நாள் மகிழ்ச்சி. நாலாம் நாள் கற்றல் வாய்ப்பு. பாதியாக்கியைத் தனியாக விட்டிருந்தால் முதல் நாள் தேநீர் ஆறுவதற்குள் முடிந்திருக்கும் வேலை, இப்படி நாலு நாள் ஓடியது. ஐநூறுக்கு அந்த நாலு நாளும் பிடித்திருந்தது. சாட்சி என்றால் லிஃப்டில் வழிவிடுகிறார்கள்.

நாலாம் நாள் முடிவில் மிச்சம் நூற்று இருபத்தெட்டு மாற்றங்கள். சும்மா ஒரு ஆர்வத்தில் பட்டியலை இறக்கிப் பார்த்தான். ஆயிரத்து முந்நூற்று எண்பதுக்கு நேரே தன் பெயர் இருந்தது. திறந்தான். அழித்த வரி சிவப்பில் தெரிந்தது. பின்பக்கம் போகும்போது படிவத்தில் எழுதியதை நினைவில் வைத்துக்கொள் என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி அது. அதற்கு மேலே 'தொடாதே'. கோப்பையில் மிச்சமிருந்த தேநீரைக் குடிக்க எடுத்தவன் அப்படியே வைத்துவிட்டான்.

வீட்டுக்குப் போனால் மனைவி விடைகளையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஐந்தாவது தடவை அடித்துக்கொண்டிருந்தாள். அதே புண்ணியவானை அதே வாயால் திட்டினாள். இந்த முறை இவன் கூடச் சேரவில்லை.

ஐந்தாம் நாள் மகிழ்ச்சி. ஆறாம் நாளும் மகிழ்ச்சி. இரண்டு தடவையும் பொய்யில்லை. பிழை அதற்கு அப்பால்தான் இருந்தது. ஏழாம் நாள் பாதியாக்கி ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டைக் கட்டி முன்னால் வைத்தது. அவன் மாற்றம் அதற்குப் பன்னிரண்டு படி முன்னால். மௌனம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெயரை அடித்தான், அடுத்த பக்கம் போனான், திரும்பினான். கட்டம் வெறுமையாக இருந்தது. மேசைக்கு எதிரே ஏழு முகங்கள் திரையின் முதுகைப் பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தன.

"என்ன ஐநூறு, வாய்ப்பா மகிழ்ச்சியா?" என்றார் தலைவர்.

இன்றைக்கு ஒரு நாள் தள்ளிப் போடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறவன் இன்றைக்கு என்ன அழுத்துவான்? மகிழ்ச்சியை அழுத்தினான்.

பாதியாக்கி திரும்பிப் பார்க்காத கருவி. சொன்னதை நம்பும், கழித்த பாதியைக் கழித்ததுதான். தொண்ணூற்றிரண்டு வரைக்கும் எல்லாம் சுத்தம் என்று நம்பிக்கொண்டு அது மேலே போனது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் கெட்டதாகத்தான் இருக்கும். ஆகவே அது கடைசியில் போய் நிற்கப்போவது அடுத்த மாற்றத்தில், ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்றில். மேசைக்கு வந்து அது யாருடையது என்று பார்த்தான். அச்சு அக்காவுடையது. அச்சடிக்கும் பெட்டியில் 'ரத்து' பொத்தானை இரண்டு புள்ளி இடப்பக்கம் நகர்த்தியிருந்தாள். பக்கத்து மேசையில் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிட இன்னும் நாலு நாள் இருந்தது. எட்டாம் நாள் தொண்டையைச் செருமினான். செயலாளர் தண்ணீர் கொடுத்தார். ஒன்பதாம் நாள் தலைவர் அவசரமாகப் போக வேண்டும் என்றார். பத்தாம் நாளும் பதினொன்றாம் நாளும் சாக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, இருந்தும் சொல்லவில்லை. அந்த நாலு நாளும் அவன் அழுத்தியது கற்றல் வாய்ப்பைத்தான், நாலும் உண்மை. ஒரு பொய்க்கு நாலு உண்மை துணைக்கு நின்றன.

பன்னிரண்டாம் நாள் அச்சு அக்காவைப் புரிந்துகொண்டார்கள். வட்ட மேசைக்கு நடுவில் நாற்காலி போட முடியாததால் ஓரமாக ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். சாட்சி என்ற முறையில் ஐநூறும் இருந்தான்.

"ஒரு பட்டனை ரெண்டு புள்ளி தள்ளினா எப்படிங்க ஃபார்ம் அழியும்?" என்று கேட்டாள் அக்கா.

"அதைத்தான் நாங்களும் புரிஞ்சுக்கப் பாக்கறோம்மா," என்றார் தலைவர். "உங்ககிட்ட விளக்கம் கேக்கல. கேட்டா அது விசாரணை ஆயிடும். நாங்க விசாரணை பண்றதில்லை, நேரா முடிவுக்கு வந்துடுவோம்."

"ஒண்ணாம் தேதி என்னை நிரந்தரம் பண்ற ஆர்டர்..."

"டைப் பண்ணி என் மேசை மேல இருக்கு. கையெழுத்துதான் பாக்கி. ஆனா நிரந்தரம்ங்கறது ஒரு சுமைம்மா. இந்த நேரத்துல அந்தச் சுமையை உங்க தலையில வைக்க எங்களுக்கு மனசு வரல. ஒப்பந்தம் முடியறவரைக்கும் கீழ்த்தளத்துல பிரின்டர் அறையில இருங்க. அமைதியான இடம். ஜன்னல் இல்லாததால கவனம் சிதறாது."

அக்கா எழுந்து போகும்போது ஐநூறைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். கோபம் இல்லை. எதற்கோ காத்திருப்பவள் பார்க்கிற பார்வை. அவன் குனிந்து, போடத் தேவையில்லாத கையெழுத்து ஒன்றை எங்கேயோ போட்டான்.

பொத்தானை இரண்டு புள்ளி வலப்பக்கம் திருப்பி வைத்து அவசரமாக ஒரு திருத்தப் பதிப்பு வெளியிட்டார்கள். படிவங்கள் முன்போலவே அழிந்தன. குழு கூடி இதையும் ஆராய்ந்தது. பிழையின் காரணம் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டுவிட்டது. எனவே இப்போது இருப்பது காரணமில்லாத பிழை. காரணமில்லாத பிழைகள் நம் குழுவின் கீழ் வராது என்று செயலாளர் அழகான கையெழுத்தில் எழுதிப் பலகையில் ஒட்டினார்.

அன்றைக்குத்தான் ஐநூறுக்குத் தாங்க முடியாமல் போனது. நேரே தலைவர் அறைக்குள் போனான்.

"சார், அந்தப் பிழைக்கு நான்தான் காரணம். ஏழாம் நாள் நான் பொய் சொன்னேன். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

தலைவர் கதவைச் சாத்தினார். அவர் முகம் நிஜமாகவே வாடிவிட்டது.

"என்ன வார்த்தை பேசறீங்க? தன்னைத்தானே குறை சொல்றதும் குறை சொல்றதுதான். நாலாவது விதி. நீங்க படிக்கலையா?"

"இது குறை இல்ல சார், உண்மை."

"உண்மையா இருந்தா இன்னும் மோசம். பொய்யா குறை சொன்னாலாவது மறுத்துடலாம். உங்களை நான் தண்டிக்க மாட்டேன். ஆனா ரெண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பறேன். தன்னை மன்னிக்கிறது எப்படின்னு சொல்லிக் கொடுப்பாங்க."

பயிற்சியில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, அதைப் பார்த்து 'உன்மேல் தவறில்லை' என்று நூறு தடவை சொல்லச் சொன்னார்கள். ஐநூறு முப்பதில் நிறுத்திவிட்டான். சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள்.

வந்ததும் ஒரு காரியம் செய்தான். மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பாதியாக்கியை முழுசாகத் தானே ஓடும்படி முடுக்கிவிட்டான். சாட்சி இல்லை, மௌனம் இல்லை, தேநீர் இல்லை. முப்பத்தெட்டாவது நிமிடம் அது ஒரு தாளை அடித்துத் தள்ளியது. ஆயிரத்து முந்நூற்று எண்பது. அவன் பெயர். தன் பெயரை அப்படி அச்சில் பார்த்ததும் ரொம்ப நாளைக்குப் பிறகு அவனுக்குப் பசித்தது.

தாளைக் குழுவிடம் கொடுத்தான். இந்த முறை மறுக்க முடியாது, கருவியே சொல்லிவிட்டது. குழு தாளைச் சுற்றிச் சுற்றிக் கைமாற்றிப் பார்த்தது.

"ஒண்ணு எண்பதுங்குது, இன்னொண்ணு தொண்ணூத்து மூணுங்குது. ரெண்டுல ஒண்ணைத் தப்புன்னு சொன்னா அது அந்த முடிவைக் குறை சொன்ன மாதிரி," என்றார் தலைவர். "நம்ம முறையே நடுவுல பாக்கறதுதானே? ரெண்டுக்கும் நடுவுல எது?"

செயலாளர் கணக்குப் போட்டார். "எண்பத்தாறரை வருது சார்."

"அரைக்கு ஆள் கிடையாது. எண்பத்தாறைத் திறங்க. அவரைப் புரிஞ்சுக்குவோம்."

செயலாளர் திறந்தார். ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு, தலைவர் தன் பணிக்காலத்தில் செய்த ஒரே மாற்றம். பிரவுசரின் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் தன் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தார். அறையில் ஒரு நிமிட மௌனம் நிலவியது. யாரும் எழுந்து நிற்கவில்லை.

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். "இந்த ரெண்டாவது தாளுக்குச் சாட்சி யாரு?"

"சாட்சி இல்ல சார். கருவியே பாத்தது," என்றான் ஐநூறு.

"அதான பாத்தேன். சாட்சி இல்லாத தாளை வெச்சு நடுவுல பாக்கறது எப்படி நியாயம்? மொதல் முடிவுக்குத்தான் மனுஷச் சாட்சி இருக்கு. நேர்மைக்குப் பேர் போன சாட்சி. பதினொரு நாளும் அவர் கையெழுத்து இருக்கு. நீங்கதானே அது?"

"நான்தான் சார். ஆனா நான் பொய்..."

"சாட்சியைக் குறை சொல்லாதீங்க," என்றார் தலைவர் கனிவாக. பாதியாக்கிக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. ஒன்பது வருட உழைப்பைப் பாராட்டி அதன் மேல் ஒரு துணி போர்த்தினார்கள்.

வேறு வழியில்லாமல் ஐநூறு அழித்த வரியைத் திரும்பச் சேர்த்தான். மேலே அந்தக் குறிப்பையும் எழுத்து மாறாமல் வைத்தான். மாற்றத்துக்குக் காரணம் கேட்டு ஒரு பட்டியல் வந்தது. அதில் மேம்பாடு இருந்தது, வேகம் இருந்தது, அழகுபடுத்தல் இருந்தது. தவறைத் திருத்துதல் மட்டும் இல்லை. அழகுபடுத்தலைத் தேர்ந்தெடுத்தான். யாரும் கவனிக்காமல் அது எழுபத்திரண்டாம் பதிப்பில் சேர்ந்துகொண்டது.

எழுபத்திரண்டு வெளிவந்த அன்றே புகார்கள் நின்றன. வீட்டில் மனைவி முந்தைய பக்கத்துக்குப் போய், வந்து, மறுபடி போய், வந்து பார்த்தாள். "அந்தப் புண்ணியவானுக்கு நல்ல புத்தி வந்துடுச்சு போல," என்றாள். ஐநூறு கொஞ்சம் மூச்சு விட்டான். விட்ட மூச்சு அலுவலகம் போகும் வரைக்கும்தான் தாங்கியது.

அலுவலகத்தில் விழா. மேடையில் தலைவர். "நாம அச்சுப் பகுதி சகோதரியைப் புரிஞ்சுக்கிட்டோம். பட்டனைத் திருப்பி வெச்சோம். உடனே பலன் தெரியலைன்னு சிலர் அவசரப்பட்டாங்க. மருந்து உள்ள போய் வேலை செய்ய நேரம் எடுக்கும் இல்லையா? இன்னைக்குப் பிழை போயிடுச்சு. அந்த ரெண்டு புள்ளிதான் காரணம்ங்கறதுக்கு இதைவிட நிரூபணம் வேணுமா?"

ஐநூறு கடைசி வரிசையில் நின்றிருந்தான். அவன் திருத்திய திருத்தம் அக்காவின் மேல் கடைசி ஆணியை அடித்துவிட்டது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடிக்க, அவனும் தட்டினான். அதற்காக அவன் தன்னை என்றைக்கும் மன்னிக்கப்போவதில்லை, நூறு கண்ணாடி கொடுத்தாலும்.

மறுநாள் காலை கோப்பைக் கணினி, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், அலுவலகம் முழுவதற்கும் ஒரு கடிதம் அனுப்பியது. 'ஐநூறு வரிக் கோப்பை பெற்றவர், தாம் அழித்த ஒரு வரியைத் திரும்பச் சேர்த்துள்ளார். தற்போதைய எண்ணிக்கை 499. கோப்பையைக் கீழ்த்தளத்தில் ஒப்படைக்கவும்.' எந்த வரி, எந்த மாற்றம் என்று கீழே முழு விவரமும் இருந்தது. நானூறு பேர் படித்தார்கள். யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

கோப்பையைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினான். பிரின்டர் அறையில் அச்சு அக்கா சோதனைத் தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொருள்களைத் திரும்பப் பெற்று ரசீது கொடுப்பதும் இப்போது அவள் வேலைதான்.

"அக்கா, நான்தான் அந்த..."

"தெரியும்."

"கடிதத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டீங்களா?"

"அதுக்கு முன்னாடியே. போர்டுல பாத்தேன். ஏழாம் நாள் மகிழ்ச்சி, அப்புறம் வரிசையா நாலு வாய்ப்பு. சந்தேகம் வந்துச்சு. மேல இருக்கற மாத்தத்தை எல்லாம் திறந்து பாத்தா, எண்பதுல 'தொடாதே'ன்னு இருந்தது." தாளைக் கீழே வைத்தாள். "அதை எழுதினதே நான்தான். சேந்த மொத வாரம். பக்கத்து மேசைதானே, அது என்ன பெரிய கதைன்னு நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"தெரிஞ்சும் ஏன் அக்கா சொல்லல?"

"நீ வருவேன்னு பாத்தேன். லிஃப்ட் சத்தம் கேக்கறப்ப எல்லாம் பாத்தேன்."

"நான் சொன்னேன் அக்கா. தலைவர்கிட்டப் போய் சொன்னேன். குழுவுல தாள் கொடுத்தேன். யாரும்..."

"தலைவர்கிட்டச் சொன்னே. குழுகிட்டச் சொன்னே." அவள் குரல் உயரவில்லை. "எங்கிட்ட? ரெண்டு மாடி கீழதானே இருக்கேன்?"

ஐநூறு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். இத்தனை நாளாக மேலே மேலே ஏறி மனுக்கொடுத்தவனுக்குக் கீழே இறங்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. தோன்றவில்லை என்பதுகூடப் பொய். துணிவு வரவில்லை.

"மன்னிச்சிடுங்க அக்கா."

"குறையே சொல்லாத எடத்துல மன்னிப்பு எங்கேர்ந்து வரும்? மொதல்ல யாராவது குறை சொல்லணும் இல்ல?" அக்கா நாற்காலியைத் திருப்பி அவனை நேராகப் பார்த்தாள். "நான் சொல்றேன், கேட்டுக்கோ. நீ செஞ்சது தப்பு. தெரிஞ்சே செஞ்சே. நான் பழி சுமக்கறதைப் பக்கத்துல நின்னு பாத்தே. ஆறு வருஷம் காத்திருந்த வேலை எனக்கு உன்னாலதான் போச்சு."

ஒன்பது வருடத்தில் அந்தக் கட்டடத்தில் ஒருவர் மற்றவரைக் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் கண் கலங்கியது. "ஆமா அக்கா," என்றான்.

அவள் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, கோப்பை ஒன்று என்று எழுதினாள். பெயர் போட வேண்டிய இடத்தில் ஒரு கணம் நிறுத்திவிட்டு நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று எழுதி, கிழித்து அவன் கையில் கொடுத்தாள்.

"மன்னிப்பு இன்னைக்கு இல்ல. ஒப்பந்தம் முடிய எனக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கு. தினம் ஒரு தடவை வா. வந்தா குறைதான் சொல்லுவேன். கடைசி நாள் பாக்கலாம்."

மறுநாள் மதியம், சாப்பாட்டு மணி அடித்ததும், அவன் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிலேயே இறங்கிப் போனான்.